ஓதல் செயலிக்குப் பொறுமை பயிற்றிய ஆசிரியைக்கு

நாவைப் படைத்து அதற்கு நன்மொழி தந்தவனும், செவியைப் படைத்து அதற்குப் பொறுமை தந்தவனுமாகிய ஏக இறைவனைப் போற்றி, பள்ளிவாசல் மாடியின் மூன்று வகுப்பறைகளிலும் தங்களோடு பாடம் சொல்லி, தங்களோடு படியேறி, தங்களோடு மூச்சு வாங்கிய உடன் பணியாளர்கள் தங்கள் பணி ஓய்வு நாளில் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் அன்பு மடல்.

அருமை ஆசிரியையே! அறிவுக்கு அணிகலனே! இளையோர் மார்க்கக் கல்விப் பிரிவின் இணையற்ற இயக்குவிசையே! கைப்பேசியைக் கண்டு கண் சிவக்காத கருணையே!

இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். சென்ற வாரம் இம்மடலின் முதல் வரைவில் அடைமொழிகள் மட்டுமே ஒன்றரைப் பக்கம் நீண்டிருந்ததை மேசையோரம் நின்று பார்த்துவிட்ட தாங்கள், "பட்டம் கூடக்கூட ஆளே காணாமப் போயிடுறாங்க. நான் உருப்படியா செஞ்சது ஏதாவது ஒண்ணு இருந்தா அதைச் சொல்லுங்க. இல்லன்னா டீ கொடுத்து அனுப்பி வெச்சிருங்க" என்றீர்கள். டீ தயாராக இருக்கிறது. ஆயினும் தாங்கள் செய்த உருப்படியான காரியம் ஒன்றையும் சொல்லாமல் தங்களை அனுப்புவதற்கு எங்கள் மனம் இடம் தரவில்லை.

கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் காலையில் சிறார்க்கு அரபு எழுத்தறிமுகம், மாலையில் மகளிர்க்குத் திருக்குர்ஆன் ஓதல் பயிற்சி, வார இறுதியில் இளையோர்க்கு மார்க்க விளக்கம் எனத் தாங்கள் ஓயாது உழைத்த உழைப்பை இந்தச் சுவர்கள் அறியும். காற்றோடு பிறக்கும் எழுத்தைக் கற்பிக்கும்போது, பிள்ளையின் உதட்டருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, அது ஆடுகிறதா என்று பார்ப்பீர்கள். ஆடினால் தாங்களும் சேர்ந்து தலையாட்டுவீர்கள். ஆடாவிட்டால் காகிதத்தைத்தான் கடிந்துகொள்வீர்கள், பிள்ளையை அல்ல. அந்தக் காகிதத் துண்டுகளைப் பெருக்கிப் பெருக்கியே எங்கள் துப்புரவுப் பணியாளருக்கு இடுப்பு வலி வந்தது என்பதையும் இங்கே பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்.

பதின்வயதினர் வகுப்பு படுத்துவிட்ட காலம் ஒன்று வந்தது. பள்ளிக்கூடம் முடிந்து, டியூஷன் முடிந்து, விளையாட்டு முடிந்து, மிச்சமிருந்தால் மட்டுமே மத்ரஸா என்றாகிவிட்டது. வந்தவர்களும் பையை மடியில் வைத்து, பைக்கு அடியில் கைப்பேசியை வைத்து, கைப்பேசிக்குள் மனத்தை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் அறிவாளிகள் அல்லவா? வாசலில் ஒரு கூடை வைத்து, கைப்பேசியை அதில் போட்டுவிட்டு உள்ளே வா என்றோம். இரண்டாவது வாரம் கூடையில் ஒரு போனும் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளையும் இல்லை.

தாங்கள் அந்தக் கூடையை எடுத்து மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்து வைத்தீர்கள். அதே இடத்தில் ஒரு மேசையைப் போட்டு, நீளமான பிளக் பலகை ஒன்றைப் பொருத்தி, விதவிதமான சார்ஜர்களைச் சொருகினீர்கள். "சார்ஜர் டீச்சர்" என்ற பட்டம் அன்றுதான் தங்களுக்கு வந்தது. அது பிள்ளைகள் கொடுத்த பட்டம். ஆகையால் எங்கள் ஒன்றரைப் பக்கத்தைவிட நீடித்து நிற்கிறது.

பள்ளிவாசலின் மார்க்க அறிஞரான எங்கள் மூத்த ஹஜ்ரத் அப்போது தங்களை அழைத்து, "டீச்சரம்மா, ஓதல்ங்கிறது ஒருத்தர் வாயிலிருந்து இன்னொருத்தர் காதுக்குப் போறது. நடுவுல இந்தக் கண்ணாடித் துண்டு எதுக்கு?" என்று கேட்டார்.

"ஹஜ்ரத், போன் வேணாம்னு சொன்னா அவங்க போனோட போயிடுறாங்க. பாடத்தைப் போனுக்குள்ள வெச்சா, போனோட சேர்ந்து பாடமும் அவங்க வீட்டுக்குப் போகும்ல?" என்றீர்கள் தாங்கள். ஹஜ்ரத் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. அவர் அகராதியில் அது பாதி சம்மதம்.

முதலில் தங்கள் குரலில் சின்னச் சின்ன ஓதல் பதிவுகளை அனுப்பினீர்கள். பிள்ளைகள் பேருந்தில், மாடிப்படியில், விளையாட்டுத் திடலின் ஓரத்தில் அவற்றைக் கேட்டுத் திருப்பி ஓதி அனுப்பினார்கள். அந்தப் பதிவுகளில் ஹாரன் சத்தமும் குக்கர் விசிலும் கலந்திருந்தன. ஆனாலும் ஓதல் இருந்தது. பிறகு எங்கள் பழைய மாணவரும், பகலில் மென்பொருள் அலுவலகமொன்றில் பணிபுரிபவருமான கணினித் தம்பி வந்து சேர்ந்தார். அவருடைய திறமையும் தங்களுடைய தீராத கேள்விகளும் சேர்ந்து எங்கள் ஓதல் செயலி பிறந்தது. பிள்ளை ஓத ஓதத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. பச்சை சேரச் சேர நட்சத்திரம். நட்சத்திரம் சேரச் சேர, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் பெயர் மேலேறும். வகுப்பு நிரம்பிற்று! மற்றப் பள்ளிவாசல்களிலிருந்து, "எங்களுக்கும் தருவீர்களா?" என்று கேட்டு வந்தார்கள். நிர்வாகக் குழுத் தலைவர், தமது இரும்புக்கடைக்கு வருகிறவர்களிடம்கூட ஆணிக்கு முன்னால் செயலியைத்தான் எடுத்துக் காட்டினார். வெளியூர் விருந்தினரை அழைத்து, அறிமுக விழாவுக்கு நாளும் குறித்தோம்.

அந்த வெற்றியின் உச்சியில்தான் தாங்கள் ஒரு காரியம் செய்தீர்கள், ஆசிரியையே! அதைச் சொல்லத்தான் இம்மடல்.

பதின்வயது மாணவியர் வகுப்பில் தையற்கார அம்மா ஒருவரின் மகள் இருந்தார். அதிகம் பேசாத பெண். எல்லாரும் சேர்ந்து ஓதும்போது அவர் குரலும் ஆற்றோடு ஆறாகக் கலந்து ஓடும். அவருக்குத் திக்குவாய் உண்டு என்பது எங்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. சேர்ந்து ஓதுகையில் அது தலைகாட்டாது. தனியே, ஒரு கைப்பேசிக்கு எதிரே உட்கார்ந்து ஓதும்போதுதான் நாக்கு முரண்டு பிடிக்கும். ஓரெழுத்தை அவர் மும்முறை தொட்டால், கூடுதல் எழுத்து என்று செயலி சிவப்பாக்கும். மூச்சு அடைபட்டு ஒரு கணம் நின்றால், ஓதல் முடிந்துவிட்டது என்று எண்ணி, மிச்ச வசனம் முழுவதையும் சிவப்பாக்கிவிடும். கூடத்துத் திரையில் அவர் பெயர் கடைசிக்குப் போயிற்று. பிறகு அவர் வருவதையே நிறுத்திவிட்டார். செயலியோ தன் கடமையில் தவறாமல், "நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள்! விரைந்து வாருங்கள்!" என்று நாள் தவறாமல் அவருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

விழா வேலையில் மூழ்கியிருந்த எங்கள் யாருக்கும் ஒரு பெண் குறைந்தது கண்ணில் படவில்லை. தங்களுக்குப் பட்டது. தாங்கள் அவர் வீடு தேடிப் போனீர்கள்.

அங்கே நடந்தவற்றை, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு தாங்கள் எங்களுக்குச் சொன்னீர்கள். இம்மடலில் அவற்றை எழுதவும் அவரிடம் மீண்டும் கேட்டோம். வாசித்துப் பார்த்துவிட்டு, ஓரிடத்தில் ஒற்றுப் பிழை திருத்தித் தந்தார்.

அந்த வீட்டின் முன்னறை முழுக்கத் தையல் இயந்திரமும், துணி வெட்டும் பலகையும், இன்னும் கை வைத்துத் தைக்காத சட்டைகளும். அம்மா காலை மிதியிலிருந்து எடுக்காமலேயே பேசினார். "கதவைச் சாத்திக்கிட்டு ஓதுவா டீச்சர். இந்த மெஷின் சத்தத்துலயும் எனக்குக் கேக்கும். கேட்டுக்கிட்டே தைப்பேன். இப்ப ஒரு மாசமா உள்ள சத்தமே இல்ல. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லைங்கிறா."

பெண் வந்து தங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். தாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவர் வாய் திறக்க முயன்றார். முதல் எழுத்திலேயே தடுக்கிற்று. கண் கலங்கிவிட்டது. கைப்பேசியை எடுத்தார். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த தங்களுக்குத் தட்டச்சு செய்து ஒரு செய்தி அனுப்பினார். தங்கள் கைப்பையில் இருந்த போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தீர்கள்.

"நான் ஓதுனா அல்லாஹ்வுக்கும் சிவப்பாத்தான் தெரியுமா டீச்சர்?"

அதைப் படித்ததும் தங்களுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தாங்கள் இன்றுவரை சொன்னதில்லை. கேட்கும் துணிவு எங்களுக்கும் இல்லை. எதிரே இருந்த பெண்ணை வாயால் பதில் சொல்லி அவசரப்படுத்தக் கூடாதென்று, தாங்களும் தட்டச்சு செய்தே பதில் அனுப்பினீர்கள் என்பது மட்டும் தெரியும். கண்ணாடி இல்லாமல் தட்டியதால் எழுத்துப் பிழை மலிந்த அந்தப் பதிலை, பிழை திருத்தி இங்கே தருகிறோம்:

"சிரமப்பட்டு ஓதுறவங்களுக்கு ரெண்டு மடங்கு நன்மைன்னு உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்ல? அதை அந்த ஆப்புக்குச் சொல்லிக்கொடுக்காம விட்டுட்டேன்மா. கொஞ்சம் டைம் கொடு."

அன்று மாலையே நிர்வாகக் குழுவைக் கூட்டச் சொன்னீர்கள். நூலக அறையில் விழாப் பதாகைகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே நின்று, "விழாவைத் தள்ளி வைக்கணும்" என்றீர்கள்.

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன டீச்சர் விளையாடுறீங்க? ஊரெல்லாம் அழைப்பு போயிடுச்சு. ஒரு பொண்ணுக்காகவா?"

"ஆமா, ஒரு பொண்ணுக்காகத்தான். அவ சொன்னதால தெரிஞ்சுது. சொல்லாம நின்னுட்டவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியல."

கணினித் தம்பி தலை கவிழ்ந்தவாறே, "டீச்சர், தப்பைக் கண்டுபிடிக்கத்தானே அதைச் செஞ்சோம்? அது செய்ய வேண்டியதைச் சரியாத்தான் செய்யுது" என்றார். மாதக்கணக்கில் தூக்கத்தைத் தொலைத்து உருவாக்கிய ஒன்றைப் பழிக்கக் கேட்ட வருத்தம் அவர் குரலில் இருந்தது. தாங்கள் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சரியாத்தான் செஞ்சீங்க தம்பி. நான் கேட்டதுதான் அரைகுறை" என்றீர்கள்.

அப்போது மூத்த ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். எல்லாரும் எதிர்பார்த்ததையே சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேன். மொத்தமா எடுத்துடுங்க. பழையபடி பிள்ளைங்க நேர்ல வந்து ஓதட்டும்."

அவர் நீட்டிய அந்த ஆதரவுக் கையைத் தாங்கள் எளிதாகப் பற்றியிருக்கலாம். பெரியவர் துணை, பெண்ணின் கண்ணீர், இரண்டும் தங்கள் பக்கம். ஆனால் தாங்கள் தலையசைத்து மறுத்தீர்கள். "இல்ல ஹஜ்ரத். எடுத்துட்டா பஸ்ல ஓதுற பிள்ளைங்க ஓதுறதையே விட்டுடுவாங்க. அதுங்க கையில போன் மட்டும் மிஞ்சும். கருவி இருக்கட்டும். ஆனா பிள்ளையோட ஓதலுக்குக் கடைசித் தீர்ப்பு சொல்றது ஒரு மனுஷக் காதா இருக்கணும். அதுக்கு நீங்க வேணும்."

"நானா?"

"உங்களை விட்டா இந்த ஊர்ல நல்ல காது யாருக்கு இருக்கு?"

புகழ்ச்சிக்கு மயங்காதவர் எங்கள் ஹஜ்ரத். அன்று கொஞ்சம் மயங்கினார் என்றே நினைக்கிறோம்.

விழா தள்ளிப்போயிற்று. கூடத்துத் திரையிலிருந்து பெயர்கள் இறங்கின. நட்சத்திரம் போயிற்று, பின்தங்கிவிட்டீர்கள் என்ற செய்தியும் போயிற்று. பிள்ளைகளில் சிலர், முதலிடத்தில் இருந்தவர்கள், முணுமுணுத்தார்கள். ஒருவர் தம் தந்தையையே அழைத்து வந்து வாதாடினார். அவர்களிடமும் தாங்கள் அமர்ந்து பேசினீர்கள். சிலர் ஏற்றுக்கொண்டார்கள், ஓரிருவர் வேறு வகுப்புக்குப் போய்விட்டார்கள். அதற்காகத் தாங்கள் வருந்தியதையும் நாங்கள் பார்த்தோம்.

கணினித் தம்பி மீண்டும் வேலையைத் தொடங்கினார். தையற்கார அம்மாவின் முன்னறையில், தாயும் தாங்களும் பக்கத்தில் இருக்க, அந்தப் பெண்ணே செயலியைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பை ஏற்றார். எங்கே அது தவறாகச் சிவக்கிறது, எங்கே அவசரப்பட்டு முடித்துக்கொள்கிறது என்று எழுதி எழுதிக் கொடுத்தார். ஒருநாள் தம்பி தங்களிடம் கேட்டார்: "ஓதுறவங்க நடுவுல நின்னுட்டா ஆப் எவ்வளவு நேரம் காத்திருக்கணும் டீச்சர்? ஒரு கணக்கு சொல்லுங்க, அதை உள்ள எழுதிடுறேன்."

"அவங்க முடிக்கிற வரைக்கும், தம்பி."

"அப்படி ஒரு கணக்கு எழுத முடியாதே."

"அப்ப முடிச்சாச்சுன்னு அவங்களே சொல்லட்டும்."

தம்பி சிரித்துவிட்டார். அடுத்த நாள் திரையில் ஒரு பொத்தான் வந்தது: "ஓதி முடித்தேன்." அதை அழுத்தும்வரை செயலி வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். சிவப்பு நிறம் முற்றிலும் நீங்கியது. சந்தேகமான இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும். தட்டினால், அந்த இடத்தைச் சரியாக ஓதும் குரல் கேட்கும். அதுவும் ஓதியவருக்கு மட்டும்தான் தெரியும். அதன்பின் பதிவு மனிதக் காதுக்குப் போகும்: மாணவர்களின் ஓதல் ஹஜ்ரத்துக்கு, மாணவியரின் ஓதல் தங்களுக்கும் மற்ற ஆசிரியைகளுக்கும்.

ஹஜ்ரத் முதன்முதலில் குரல் பதில் அனுப்பிய நாளை மறக்க முடியுமா? பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பேசுவதுபோல் உரத்த குரலில், "கேக்குதா? கேக்குதா?" என்று மட்டுமே கேட்டு அனுப்பினார். பெற்றுக்கொண்ட மாணவர் பணிவோடு, "கேக்குது ஹஜ்ரத்" என்று பதில் அனுப்பினார். அது பாடமாகவே பதிவாகியிருக்கிறது. இன்றோ, அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்ததும் இரு காதுகளிலும் கருவியைச் சொருகி, கண்ணை மூடி அமர்ந்துவிடுகிறார். அவ்வேளையில் தலைவரே வந்தாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுகிறார்.

ஒத்திவைத்த விழா ஒருவழியாக வந்தது. அதற்கு முன்தினம் தலைவர், தம் மனத்தில் பட்டதை ஆர்வத்தோடு சொன்னார்: "டீச்சர், அந்தப் பொண்ணையே மேடையில ஓத வெச்சா எப்படி இருக்கும்! எல்லாரும் அழுதுடுவாங்க!"

தாங்கள் சொன்ன பதில் எங்கள் ஆசிரியர் அறையில் இன்றும் அவ்வப்போது ஒலிக்கிறது. "அழுறதுக்கா ஆள் கூப்பிட்டிருக்கோம்? அவ ஓதுறா. அது அவளுக்கும் அவளைப் படைச்சவனுக்கும் நடுவுல உள்ள விஷயம். நாம டிக்கெட் போட வேண்டாம்."

தலைவர் வாய்விட்டுச் சிரித்து, தம் தலையிலேயே தட்டிக்கொண்டார். அந்தப் பெண் விழாவில் பார்வையாளராக அமர்ந்திருந்து, தோழியரோடு கிசுகிசுத்து, உரைகள் நீண்டபோது கொட்டாவி விட்டு, எல்லாரையும்போல வீடு போனார். அன்று அவரை யாரும் தனியே திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பதின்வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய மரியாதை உண்டா என்ன? மறுநாள் அம்மா தங்களை அழைத்து, "உள்ள சத்தம் கேக்குது டீச்சர்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பண்பின் பெட்டகமே! (ஒன்றே ஒன்று, மன்னிக்கவும்.) தொழில்நுட்பத்தை வெறுத்தவர்களைத் தாங்கள் ஏளனம் செய்யவில்லை, தொழில்நுட்பத்தை வணங்கியவர்களோடு சேர்ந்து வணங்கவும் இல்லை. தங்கள் கையால் நட்டு, தங்கள் பெயரால் வளர்ந்து, ஊரே கொண்டாடிய ஒன்றை, அது ஒரு பிள்ளையைக் காயப்படுத்துகிறது என்றறிந்த மாலையிலேயே நிறுத்தி வைக்கும் நெஞ்சுரம் எளிதில் வாய்ப்பதன்று. வெட்டி எறிவது எளிது. விட்டுவிடுவது அதனினும் எளிது. திருத்துவதற்கு உட்காருவதே கடினம். தாங்கள் உட்கார்ந்தீர்கள். எங்களையும் உட்கார வைத்தீர்கள்.

ஓய்வுக்குப் பின் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டோம். "சின்ன வயசுல குர்ஆனை மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சேன். பிள்ளைங்க வந்தாங்க, வேலை வந்துச்சு, பாதியில நின்னுட்டேன். இனிமே முடிக்கணும்" என்றீர்கள். சொன்னதோடு நில்லாமல், சென்ற வாரமே செயலியில் தங்கள் பெயரை மாணவியாகப் பதிந்து, முதல் பாடத்தை ஓதியும் அனுப்பிவிட்டீர்கள். மாணவியரின் ஓதலைக் கேட்டுத் திருத்தும் குழுவில் இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்திருப்பவருக்கு அந்தப் பதிவு முறைப்படி போய்ச் சேர்ந்தது. அவர் தையற்கார அம்மாவின் மகள்.

பதில் வந்தபோது தாங்கள் ஆசிரியர் அறையில் எங்களோடு இருந்தீர்கள். போனை மேசைமேல் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிக்கவிட்டீர்கள். முதலில் ஸலாம். பிறகு சற்று அமைதி. பிறகு அந்தக் குரல், நிதானமாக:

"டீச்சர், மூ… மூணாவது வசனத்துல உங்களுக்கு மூச்சு பத்தல. ந… நடுவுல ஒரு இடம் இருக்கு, அங்க நி… நிறுத்திக்கலாம். தப்பில்ல. மறுபடி ஓதி அனுப்புங்க."

தாங்கள் உடனே திருக்குர்ஆனைத் திறந்து, விரல் வைத்து அந்த இடத்தைத் தேடினீர்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே வந்து, தாங்கள் ஓதுவதற்காக அறைக்கதவை மெல்லச் சாத்தினோம்.

இறைவன் தங்கள் கண்களுக்கு ஒளியும், கால்களுக்கு வலிமையும், நெஞ்சுக்கு நிறைவும், நீண்ட நல்லாயுளும் தந்தருள்வானாக! தாங்கள் தொடங்கியதைத் தாங்களே நிறைவு செய்யும் பாக்கியத்தை அருள்வானாக! தாங்கள் ஓதி முடிக்கும் அந்த நாளில், இதே படியேறி வந்து தங்கள் அருகில் அமர்ந்து ஆமீன் சொல்லும் பேற்றை எங்களுக்கும் வழங்குவானாக!

என்றும் தங்கள் அன்பை மறவாத,

மூத்த ஹஜ்ரத், ஆசிரியர்கள், ஆசிரியைகள், கணினித் தம்பி, நிர்வாகக் குழுவினர், இடுப்பு வலி குணமான துப்புரவுப் பணியாளர், மற்றும் தங்கள் ஓதலைக் கேட்டுத் திருத்தும் பொறுப்பிலுள்ளவர்.